அந்தக் காரியம்

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாத்தலித் தோட்டத்து லயத்தில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அடுப்பில் பருப்பு பொங்கினாலும் பொங்கட்டும் என்று விட்டுவிடுகிற நேரம் அது.

வாட்லி என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த தோட்டம். ஜனங்கள் வாயில் வாத்தலி ஆகிவிட்டது. ஈப்போ பக்கம் செமோர் டவுனிலிருந்து மூன்று மைல் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், லயம் லயமாக எதிரெதிர் வரிசையில் நாற்பது வீடுகள். எழுபத்தாறாம் வருடத்தில் அந்த நாற்பது வீட்டுக்கும் சேர்த்து இருபத்திரண்டு ரேடியோ இருந்தது. ரேடியோ இல்லாதவர்கள் இருக்கிறவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பெட்டியிலும் ஒரே குரல். அந்த அம்மாளுக்கு என்னவோ ஒரு பெயர் இருந்தது. தோட்டத்தில் அவள் ரேடியோ அக்கா.

நிகழ்ச்சிக்கு 'மனம் திறந்து' என்று பெயர். ஆரம்ப இசை முடிந்ததும், "இது பெரியவர்களுக்கான நிகழ்ச்சி. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் விளையாட அனுப்பிவிடுங்கள்" என்பாள். பிள்ளைகளும் சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கேட்பார்கள். லயத்துச் சுவர் ஒற்றைப் பலகை. அப்புறம் ரேடியோ அக்கா கடிதம் படிப்பாள். கல்யாணம் ஆனவர்கள் எழுதுகிற கடிதம். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. படித்து முடித்து ஒரு யோசனை சொல்வாள்.

ஒரே ஒரு சங்கடம், ரேடியோவில் எதையும் உடைத்துச் சொல்ல மாட்டார்கள். குடிக்கு 'அந்தப் பழக்கம்'. புருசன் அடித்தால் 'கை நீளுதல்'. எப்படிச் சுற்றி வளைத்தாலும் சொல்ல முடியாததாக இருந்தால் 'அந்தக் காரியம்'. அந்தக் காரியம் எந்தக் காரியம் என்பதைச் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடி முடிவு செய்வார்கள். அவர்கள் முடிவு செய்ததுதான் கடிதம்.

அந்த வியாழக்கிழமை ஐயாவு வாசற்படியில் உட்கார்ந்து பால்வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயது. அவன் மனைவி செல்லாயி முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ரேடியோ உள்ளே அலமாரி மேல் இருந்தது.

"எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன," ரேடியோ அக்கா படித்தாள். "என் கணவர் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊர் என்னைத்தான் குறை சொல்கிறது. அதை அவர் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். எனக்குத் தெரியும் என்று சொல்வதா, தெரியாதவள்போல இருந்துவிடுவதா?"

கத்தி கல்லில் நின்றது.

"சகோதரி, அவசரப்படாதீர்கள். தக்க நேரம் பார்த்து அவரிடமே கேளுங்கள்," என்றாள் ரேடியோ அக்கா.

ஐயாவு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினான். செல்லாயி நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். கிள்ளினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் காளியம்மா, "பாவி மகன், யாரு பெத்ததோ!" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சாபம் விட்டாள். எதிர்வீட்டிலும் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள். அவர்களுக்கும் ஒன்பதுதான்.

ஐயாவு செய்த காரியம் இதுதான். செல்லாயி அவனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் முத்தம்மா இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றாள். இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிசு. இன்னொன்று பெற்றால் ஆள் மிஞ்ச மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அறுபத்து நாலில் ஐயாவு யாருக்கும் சொல்லாமல் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய், பிள்ளை பிறக்காதபடி தனக்கு ஆப்பரேசன் செய்துகொண்டான். ஆம்பளை கத்தியில் படுத்தான் என்று தெரிந்தால் தோட்டம் சிரிக்கும். அதனால் மூடி வைத்தான். அடுத்த வருடமே முத்தம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பிள்ளைகளைச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அவர்களுடைய தாய்மாமன் கொண்டுபோய்விட்டான். அறுபத்தேழில் சொந்தபந்தம் கூடிச் செல்லாயியைக் கட்டிவைத்தது. கட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். கட்டிய பிறகும் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று ஒன்பது வருடம் ஓடிப்போயிற்று.

ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவனை யார் குறை சொல்வார்கள்? மலடி என்ற பெயர் செல்லாயிமேல் விழுந்தது. ஐயாவு அதைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். கடிதத்தில் எழுதியிருந்தபடியே.

உயிரோடு இருப்பவர்களில் அவனுக்கு ஆப்பரேசன் ஆனது தெரிந்த ஆள் ஒருவன்தான். செமோரில் துணிக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர். அன்றைக்குச் சிக்கந்தரின் வேனில்தான் ஈப்போ போய் வந்தான். அந்தச் சிக்கந்தர் கடையில் மூன்று வாரத்துக்கு முன்னால் செல்லாயி ஒரு கடிதம் எழுதி வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிக்கந்தர்தான் எழுதிக் கொடுப்பான். யாருக்கு எழுதினாய் என்று ஐயாவு அன்றைக்கே கேட்டான். "சும்மாதான், சொந்தத்துக்கு," என்றாள். அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தம் அண்ணன். அவன் இரண்டு லயம் தள்ளி இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை விடியவே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. விடியலில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் மண்டோர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். ஐயாவு தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் செமோருக்குப் போனான்.

சிக்கந்தர் கைலிக் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா ஐயாவு, இந்த மழையிலயா? பசியாறியாச்சா?"

"ஆச்சு பாய். ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"செல்லாயி ஒரு லெட்டரு எழுதுச்சே, அது யாருக்கு?"

சிக்கந்தர் கைலியை உதறி மடித்தான். "அதைச் செல்லாயிகிட்டக் கேளு."

"நான் அவ புருசன் லா."

"இருந்துட்டுப் போ. அடுத்தவங்க லெட்டர எழுதுறவன் அந்த எடத்துலயே மறந்துறணும். நான் மறந்துட்டேன்."

"ரேடியோவுக்கா?"

சிக்கந்தர் சிரித்தான். "ரேடியோவுக்குத்தான் இப்ப ஒலகமே எழுதுது. போன மாசம் மட்டும் என் கையால ஆறு லெட்டரு. பேசாம எனக்கே அங்க ஒரு நாக்காலி போட்டுக் குடுக்கலாம்."

"வெளையாடாதீங்க பாய். அவகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா? பழசை?"

சிக்கந்தர் சிரிப்பை நிறுத்தினான். "பன்னெண்டு வருசமா ஒன் கதை என் வயித்துல கெடக்கு. ஒனக்காகப் பூட்டுன வாய். அவளுக்கு மட்டும் அதைத் தொறக்கச் சொல்றியா? என்னய்யா நாயம்?"

உள்ளேயிருந்து அவன் மனைவி சாலிஹா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். "செல்லாயி வந்த அன்னிக்கு நான் பாத்தேண்ணே. சொல்லச் சொல்ல அழுதுச்சு. முந்தானையே நனைஞ்சு போச்சு. நல்லா வச்சுக்குங்கண்ணே அதை."

"நீ உள்ள போ," என்றான் சிக்கந்தர்.

ஐயாவு கோப்பியைத் தொடவில்லை. சிக்கந்தர் அவசரமாக மனைவியை உள்ளே அனுப்பியதையும், கண்ணைப் பார்க்காமல் கைலியைப் பார்த்ததையும் மனதில் முடிந்துகொண்டு கிளம்பினான். சொந்தத்துக்கு எழுதுகிறவள் எதற்கு அழ வேண்டும்?

சனிக்கிழமை மழை விட்டது. அவனுக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். அவள் மரத்துக்கு மரம் போனாள். காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டாள், பட்டையை மெல்லியதாக வழித்தாள், பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். கை பிசகவில்லை. ஐயாவுக்குப் பிசகியது. இரண்டு மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டது. மண்டோர் பார்த்தால் திட்டுவார். அவள் அந்தப் பக்கம் போகும்போது நெற்றி விளக்கை மரத்தின்மேல் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, கட்டையத் தொட்டுட்டீங்க?"

"தெரியும்."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒன் வேலையப் பாரு."

அக்கறையாகக் கேட்கிறாள். தக்க நேரம் பார்க்கிறாள். ஐயாவு அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அவள் கேட்பதும் அதற்குத்தான், கேட்காமல் இருப்பதும் அதற்குத்தான். பகல் பசியாறலுக்கு அவள் பிரித்து வைத்த சோற்றில் வறுத்த நெத்திலி வழக்கத்தைவிட அதிகம் இருந்தது. அதையும் அவன் சந்தேகப்பட்டான்.

பால் நிறுக்கும் கொட்டகையில் அன்றைக்கு அந்தக் கடிதம்தான் பேச்சு. மாயாண்டி வாளியை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"அந்தக் காரியம் பண்ணவன் நம்ம பக்கத்துல ஒருத்தன்தான் லா. அந்தம்மா படிக்கிறப்பவே எனக்குத் தோணுச்சு."

"யாரா இருக்கும் மச்சான்?"

"நானாக்கூட இருக்கலாம். என் பொண்டாட்டி ரெண்டு நாளா கருவாடே போடல."

"ஒனக்கெல்லாம் எவ சிக்குவா? சின்ன வீடு வைக்கிற மூஞ்சியப் பாரு!"

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன? லகாட்டு டவுனுல வந்து கேட்டுப் பாரு."

கொட்டகையே சிரித்தது. ஐயாவும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்துவிட்டோமோ என்று அப்புறம் யோசித்தான். இந்த முட்டாள்கள் சின்ன வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். அவர்களுக்குத் தெரிகிறவரைக்கும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அக்காள் நவமணி வந்தாள். அதே லயத்தில் கடைசி வீடு. ஐந்து பிள்ளை பெற்றவள். வந்தால் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "செல்லாயி, கோப்பி," என்பாள். ஒன்பது வருடமாகச் செல்லாயி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கும்போதெல்லாம் நவமணி ஏதாவது ஒன்று சொல்வாள். சீனி தூக்கல் என்பாள். வயிறு காய்ந்தவளுக்குக் கை மட்டும் தாராளம் என்பாள்.

"லகாட்டுப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற ஞாயிறு வர்றாங்க தம்பி," என்றாள். "பிச்சமுத்து ஆறு பொண்ணு பெத்த மனுசன். மூணாவதுக்கு இருவத்தெட்டாச்சு. வீட்டுல ஒருத்தி இருந்தாப் பரவால்ல, எம்மக அனுசரிச்சுப் போவான்னு சொல்லிட்டாரு. நீ என்ன சொல்ற?"

ஐயாவு செல்லாயியைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்குற? அவ என்ன சொல்லுவா? தைப்பூசத்துக்குத் தைப்பூசம் காவடி எடுத்தாச்சு, சயாம்காரச் சாமியார்கிட்டத் தண்ணி ஓதிக் குடிச்சாச்சு. நெலம் நல்லா இருந்தா மொளைக்காதா? ஒனக்கென்ன கொறை? ரெண்டு பெத்தவன்."

"யோசிக்கலாங்க்கா."

"யோசி. ஞாயித்துக்கிழமை அவங்க வந்து ஒக்காந்தப்புறம் யோசிக்காத."

நவமணி போனதும் செல்லாயி கோப்பிக் கிளாசை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டியடியில் குந்தி உட்கார்ந்து கழுவினாள். ஐயாவு பின்னாலேயே போய் நின்றான். மூன்று நாள் உள்ளே கிடந்து புளித்தது அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"எப்பக் கேக்கப் போற?"

"என்னத்தங்க?"

"தக்க நேரம் பாத்துக் கேக்கச் சொன்னால்ல, அந்த ரேடியோக்காரி. இதைவிட நேரம் என்ன வேணும்? எங்கக்கா பொண்ணு பாத்துட்டு வந்துட்டா. கேளு."

"என்ன பேசுறீங்க நீங்க?"

"நடிக்காத லா! பாய் கடையில ஒக்காந்து அழுது அழுது எழுதிருக்க. சாலிஹா பாத்திருக்கா. ஒம்பது வருசம்னு கணக்கா எழுதி, ஊரெல்லாம் கேக்குற மாதிரி ரேடியோவுல ஏத்திட்ட."

"அது சின்ன வீடு வச்சவனப் பத்தின லெட்டருதான?"

அவன் காதில் அது ஏறவில்லை. "அந்தப் பாயி வாயத் தொறந்துட்டான். என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவன் ஒருத்தன்தான். வேற எவனுக்குத் தெரியும்? முத்தம்மா சாகக்கூடாதுன்னு பண்ணேன். இன்னொரு பிள்ளை பெத்தாச் செத்துருவான்னு டாக்டரு சொன்னாரு. நான் கத்தியில படுத்தேன். அது தப்பா? அதுக்கப்புறம் எனக்குப் பிள்ளை எப்படிப் பொறக்கும்? சொல்லு, எப்படிப் பொறக்கும்?"

செல்லாயி கையில் கிளாஸ் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் ஒழுகியது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். ஐயாவு அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். மூன்று நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் தெரியாதவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வாயிலிருந்து போனதை எப்படித் திரும்ப எடுப்பது? "ஒண்ணுமில்ல. விடு," என்றான்.

"எந்த வருசம்?"

"விடுங்கறேன்ல."

"எந்த வருசம்னு கேட்டேன்."

"அறுவத்திநாலு."

"என்னையக் கட்டுனது?"

அவளே சொன்னாள். "அறுவத்தேழு."

கிளாசைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து நின்றாள். அது வரைக்கும் அவனை 'நீங்க' என்றே கூப்பிட்டவள்.

"ஈப்போவுல ஒரு சீன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனியே, நெனப்பிருக்கா? ரெண்டு தடவை. என்னையப் படுக்க வச்சு, ரெண்டு காலையும் கம்பியில தூக்கிக் கட்டி, உள்ள கைய விட்டான் அந்த டாக்டரு. நான் வெளிய வந்தப்ப நீ பெஞ்சுல ஒக்காந்து கச்சான் கடலை தின்னுக்கிட்டு இருந்த. எனக்கும் கொஞ்சம் நீட்டுன. நானும் வாங்கித் தின்னேன்."

"செல்லாயி..."

"அந்த டாக்டரு எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப, ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

"நான் கெட்டவன் இல்ல செல்லாயி. ஒன்னைய ஒரு வார்த்தை சொல்லிருப்பேனா இத்தனை வருசத்துல? நீயே சொல்லு."

"சொன்னதில்ல. அதான் தெருவுல எல்லார்கிட்டயும் ஒன்னையப் பெருமையாப் பேசிட்டுத் திரிஞ்சேன்."

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. இருவருக்கும் அது கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டது அவன்தான்.

"அப்ப அந்த லெட்டரு?"

"சுங்கை சிப்புட்டுல இருக்குற ஒன் மூத்த மகளுக்கு எழுதுனேன். வந்து ரெண்டு மாசம் எங்கூட இரு தாயின்னு. வீட்டுல ஒரு பிள்ளை நடமாடுனா, அண்ணி இன்னொருத்தியக் கொண்டாற மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒன்கிட்டச் சொன்னா செத்தவ நெனப்பு வந்து நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

அவள் உள்ளே போனாள். ஐயாவு தொட்டியடியில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துப் போய், "ஞாயித்துக்கிழமை வர வேணாம்னு அக்காகிட்டச் சொல்லிரு," என்றான்.

"நான் ஏன் சொல்லணும்? வரட்டும். கேசரி கிண்டுறேன்."

"செல்லாயி, வெளயாடாத."

"வாயி ஒனக்குத்தான இருக்கு? இன்னிக்கு நல்லாத்தான பேசுச்சு?"

அந்த வாரம் முழுக்க அவள் சமைத்தாள், வேலைக்கு வந்தாள், துவைத்துப் போட்டாள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. குழாயடியில் அவள் யாரோடு பேசினாலும் ஐயாவு ஜன்னலோரம் வந்து நின்றான். காளியம்மா அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாளா, வெயிலுக்குத் திருப்பினாளா? மாயாண்டி கண்ணடித்தது வழக்கமான கண்ணடிப்புதானா? இரண்டு முறை அக்காள் வீட்டு வாசல்வரை போனான். இரண்டு முறையும், "என்னடா, கூச்சமா இருக்கா? ரெண்டு தடவை மாப்பிள்ளை ஆனவன்!" என்று நவமணி சிரித்தாள். அவன் பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தான். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவன் வீட்டு ரேடியோ மட்டும் பாடவில்லை. பாடாவிட்டால் என்ன, இருபத்தொரு வீட்டில் பாடியது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு லகாட்டிலிருந்து ஒரு டாக்சி வந்தது. பிச்சைமுத்து, அவர் மனைவி, மனைவியின் தம்பி. பிச்சைமுத்து ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முழங்கால் வரை பழைய காயத் தழும்புகள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். தாங்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தார்கள்.

செல்லாயி கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். கேசரி வைத்தாள், வடை வைத்தாள், எல்லாருக்கும் கோப்பி கொடுத்தாள். பிச்சைமுத்துவின் மனைவி அவள் கையைப் பிடித்து, "ஒனக்கு மனசுல ஒண்ணுமில்லயே தாயி?" என்றாள்.

"எனக்கு என்னம்மா இருக்கு? எல்லாம் அவரு இஷ்டம். அவரையே கேளுங்க."

"அவன்கிட்டக் கேக்க என்ன இருக்கு," என்று நவமணி குறுக்கே வந்தாள். "என் தம்பிக்கு ஒரு கொறையும் இல்ல. ரெண்டு பெத்துக் காமிச்சவன். கொறையெல்லாம் இதோ நிக்கிறாளே இவகிட்டத்தான். மறைக்கல நாங்க. தட்டை மாத்திக்கலாமா?"

தட்டில் நவமணி கை வைத்தாள். ஐயாவு செல்லாயியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தபடியே நின்றாள்.

"வேணாங்க்கா," என்றான்.

"என்னடா?"

"எனக்குப் பிள்ளை பொறக்காது. முத்தம்மா இருக்கும்போதே ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன். ஈப்போ பெரியாஸ்பத்திரியில."

தட்டின்மேல் இருந்த கை விலகியது. பிறகு நவமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தீங்களாண்ணே? பொண்டாட்டி மனசு நோவக்கூடாதுன்னு என்ன பொய்யெல்லாம் சொல்றான் பாருங்க! சின்ன வயசுலருந்தே இவன் இப்படித்தான். அடுத்தவங்க பழியத் தலையில போட்டுக்குவான்."

பிச்சைமுத்துவின் மனைவி உருகிப்போனாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளையா! நம்ம பிள்ளைக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

"பொய்யில்லக்கா. நெசமாத்தான்."

"சும்மா இருடா. எவனாச்சும் ஆம்பளை போயி அதைப் பண்ணிக்குவானா? அதெல்லாம் பொம்பளைங்க பண்றது."

"பாய்கிட்டக் கேளு. சிக்கந்தர் பாய்கிட்ட."

"அவன் ஒன் கூட்டாளி. நீ சொல்லச் சொன்னதைச் சொல்லுவான்."

ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. செல்லாயி பக்கம் திரும்பினான். "நீ சொல்லு செல்லாயி. ஒனக்குத் தெரியும்ல. சொல்லு."

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் செல்லாயி. "ஒம்பது வருசமா எங்கிட்ட யாரும் அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே."

பிச்சைமுத்து கோப்பியைக் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். கையை ஊன்றி எழுந்தார்.

"உள்ள வாங்க தம்பி," என்றார்.

"எதுக்கு?"

"ஆறு பொண்ணுக்கு அப்புறம் நானும் பண்ணிக்கிட்டவன்தான். எங்க தையல் போட்டிருப்பான்னு எனக்குத் தெரியும். வாங்க."

அவர் மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். கதவுக்குப் பதில் தொங்கிய துணி ஆடி நின்றது. வெளியே யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மா பலகையோடு பலகையாக ஒட்டி நிற்பது அடி இடுக்கில் விழுந்த கால் நிழலில் தெரிந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிச்சைமுத்து மட்டும் வெளியே வந்தார். நவமணியைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"தட்டை எடு. போலாம்."

டாக்சி போன சத்தம் அடங்கும்வரை நவமணி அசையவில்லை. நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தது யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. உள்ளறையில் ஐயாவு கைலியை இறுக்கி முடிந்துகொண்டு துணிக்கு அந்தப் பக்கமே நின்றான். யாராவது கூப்பிட்டால் வரலாம் என்று நின்றான்.

செல்லாயி பிச்சைமுத்து உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். கேசரியை ஒரு பெரிய கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள்.

"தம்பி..." என்றாள் நவமணி. "இவ்வளவு நாளா நான்..." என்று ஆரம்பித்துச் செல்லாயியைப் பார்த்து நிறுத்தினாள்.

"அண்ணி," என்றாள் செல்லாயி, வாயில் கேசரியோடு, "எனக்கு ஒரு கோப்பி கலக்குங்க. சீனி தூக்கலா."

நவமணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சீனி டின் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. செல்லாயி சொல்லவும் இல்லை. டின்னாகத் திறந்து திறந்து பார்க்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.